இலஞ்சித் தோப்பில் எழுந்த பிளாரன்ஸ் கும்மட்டம்

அன்புள்ள மகன் முத்தையாவுக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேனா இல்லையா? நீ கடல் தாண்டுவாய் என்றேன், தாண்டினாய். என் படப்பெட்டிக்குள் இருக்கிற ஊர்களை ஒரு நாள் நேரில் பார்ப்பாய் என்றேன், பார்த்தாய். இலஞ்சிக் கணக்கு வாத்தியார் மகள் செண்பகம்தான் நம் வீட்டுக்கு மருமகள் என்று, அவள் பாவாடை கட்டித் திரிந்த காலத்திலேயே குற்றாலம் சன்னிதித் தெருவில் நின்று சொன்னேன். இதோ, பந்தல் போட்டாகிவிட்டது, வாழை கட்டியாகிவிட்டது, உன் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். சண்டையில் ஜெர்மன்காரன் தோற்பான் என்றும் சொன்னேன். அதற்குச் சாட்சி யாரும் இல்லாததால் அதை மட்டும் விட்டுவிடுகிறேன்.

கல்யாண வீட்டில் வாழ்த்துப்பா அச்சடித்துச் சந்தனம் வெற்றிலையோடு கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். உனக்கு ஒன்று எழுதத்தான் நானும் உட்கார்ந்தேன். எதுகை வந்தால் மோனை வரவில்லை, மோனை வந்தால் உன் பெயர் உள்ளே நுழையவில்லை. நாலாம் வகுப்பிலேயே எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அபிப்பிராய பேதம் உண்டாகி, நான் அதை விலக்கிவிட்டவன் என்பது உனக்குத் தெரியும். ஆகையால் பாட்டை விட்டுவிட்டு, பேசுகிற மாதிரியே ஒரு கடிதமாக எழுதி, தென்காசி அச்சாபீஸில் கொடுத்து, யுத்தம் முடிந்தும் காகிதத்துக்கு இருக்கிற தட்டுப்பாட்டில் கிடைத்த பழுப்புத் தாளில் அடித்திருக்கிறேன். கட்டு என் மடியில் இருக்கிறது. தாலி ஏறி, மூன்று முடிச்சும் விழுந்து, நாதசுரக்காரர் மூச்சு வாங்கிய பிறகுதான் கயிற்றை அவிழ்ப்பேன். ஏன் அப்படி என்பது கடைசியில் தெரியும். அதுவரை யாரும் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கக் கூடாது. மாப்பிள்ளையும்தான்.

உன் அப்பா, என் அண்ணன், போலீஸ் உடுப்போடு இருந்த காலத்திலேயே காய்ச்சலில் போய்விட்டார். நீ அப்போது தவழ்கிற பிள்ளை. அன்று முதல் நான் பாதி சித்தப்பா, பாதி அப்பா. எனக்குப் பெண் கொடுக்க மூன்று ஜமீன்தார்கள் நடையாய் நடந்தார்கள், நான்தான் உன்னை நினைத்து வேண்டாம் என்றுவிட்டேன். இந்த வரியைப் படித்துவிட்டு உன் அம்மா சிரிப்பாள். சிரிக்கட்டும். மதினி சிரிப்பதற்காகவே நான் பல காரியங்கள் செய்திருக்கிறேன்.

படப்பெட்டி நம் வீட்டுக்கு எப்படி வந்தது என்று உனக்குப் பலவிதமாகச் சொல்லியிருக்கிறேன். உள்ளபடி நடந்தது இது. குற்றாலத்தில் ஐந்தருவிப் பாதையில் இருந்த பங்களாத் துரைசாணி சீமைக்குக் கிளம்பியபோது சாமான்களை ஏலம் போட்டார்கள். எல்லாரும் கட்டிலுக்கும் கண்ணாடிக்கும் கை தூக்க, நான் ஒரு மரப்பெட்டிக்குத் தூக்கினேன். பெரிய லென்சு கண்ணாடி வைத்த இரண்டு துவாரம், உள்ளே விளக்கு வைக்க இடம், வர்ணம் தீட்டிய அட்டைப் படங்கள். எல்லாம் ஐரோப்பாவில் பழைய காலத்து ராஜாக்களும் கைவினைக்காரர்களும் செய்த சங்கதிகள். படத்துக்குக் கீழே என்னவோ எழுதியிருந்தது. எனக்கு அந்த எழுத்து பிடிபடவில்லை. துரைசாணியின் சமையல்காரர் செங்கோட்டைக்காரர். துரைசாணி விருந்தாளிகளுக்குச் சொன்னதை அவர் கறி வாளியோடு நின்று கேட்டிருந்தார். அவர் எனக்குச் சொன்னார். அவர் சொன்னது பாதி. அந்தப் பாதிக்கு நான் கையும் காலும் வைத்தேன்.

சீசன் வந்து சாரல் விழ ஆரம்பித்ததும், பேரருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு வருகிற கூட்டத்துக்கு நடுவில் நான் கத்துவேன், நீ மணி அடிப்பாய். நினைவிருக்கிறதா? “கண்ண வையுங்க, கையை எடுங்க! கடலுக்கு நடுவுல கண்ணாடித் தீவு பாருங்க! அங்கன வாயால ஊதி விளக்குச் செய்யுதான் பாருங்க! ரகசியத்தோட ஊரை விட்டு ஓடினான்னா ராஜா ஆள் விட்டுத் தேடுவான் பாருங்க! மத்தியானம் ஆனா மரப்பொம்மை வெளிய வந்து மணி அடிக்கிற கடிகாரம் பாருங்க! தெருவுல வைக்கோலப் போட்டு உக்காந்து வாத்தியாரையே மடக்கிக் கேள்வி கேக்குத பள்ளிக்கூடம் பாருங்க! சாய்ஞ்ச கோபுரம் பாருங்க, யானை முதுகு சொறிஞ்சு சாய்ஞ்சது பாருங்க!” கடைசியில், எல்லாப் படத்துக்கும் ராஜாவாக, பிளாரன்ஸ் பட்டணத்துக் கும்மட்டத்தை இறக்குவேன்.

அந்தக் கும்மட்டத்துக் கதை உனக்குத் தூக்கத்திலும் தெரியும். இருந்தாலும் பந்தலில் இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த ஊர்க்காரர்கள் பெரிய கோயிலாகக் கட்டிவிட்டு, உச்சியை மூடத் தெரியாமல் தலைமுறை தலைமுறையாக வானத்தைப் பார்த்தபடி விட்டிருந்தார்கள். அவ்வளவு அகலத்துக்கு அடியில் முட்டுக்கொடுக்க நாட்டில் இருக்கிற காடு போதாது. அப்போது ஒரு தட்டான், நகை செய்கிறவன், சபையில் எழுந்து, “ஒரு கம்பு முட்டு இல்லாமல் நான் மூடுகிறேன்” என்றான். பைத்தியம் என்று சொல்லிக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி வெளியே போட்டார்கள். அவன் எழுந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, மறுபடி உள்ளே போனான். கடைசியில் அவன்தான் மூடினான். எப்படி மூடினான் என்று நான் ஒரு நிமிஷம் நிறுத்துவேன். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். “நம்ம தென்னங்கீத்த முடையுத மாதிரி செங்கல்ல முடைஞ்சான், ஐயா! முடைஞ்சு மேல ஏத்தினான்!” என்பேன். அப்படியே ஒரு பெருமூச்சு விடுவார்கள். அந்தப் பெருமூச்சில் என் மேல்துண்டு பறக்கும்.

நீ யானைக் கதையை வகுப்பில் சொல்லிப் பெஞ்சு மேல் ஏறி நின்ற நாளையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். உன்னை ஏற்றியவர்தான் இன்று உனக்கு மாமனார். நீ அழுதுகொண்டு வந்ததும் உன்னை மடியில் வைத்து ஒரு வார்த்தை சமாதானம் சொல்லாமல், நான் நேரே அவரிடம் சண்டைக்குப் போனேன். அது என் தப்பு. உனக்குப் பிள்ளை பிறந்து அழுதுகொண்டு வந்தால், முதலில் கண்ணைத் துடை, சண்டைக்குப் பிறகு போ. சண்டை ஓடிப்போய்விடாது. வாத்தியார் அன்று என்னைப் பார்த்து, “ஓய், உம்ம பெட்டிக்கு ரெண்டு ஓட்டை, உம்ம வாய்க்கு ஒண்ணு. மூணையும் அடைச்சு வையும், புள்ளைங்க படிக்கட்டும்” என்றார். அதிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் எதிரே வந்தால் அவர் மலையைப் பார்ப்பார், நான் வயலைப் பார்ப்பேன்.

பிறகு நீ பட்டாளத்தில் சேர்ந்தாய். இத்தாலியிலிருந்து நீ எழுதிய காகிதத்தில் குளிரைப் பற்றி ஒரு வரி, ரொட்டியைப் பற்றி ஒரு வரி, “இலஞ்சிப் பக்கம் இந்த வருஷம் மழை உண்டா?” என்று ஒரு வரி. குற்றாலத்திலிருந்து சண்டைக்குப் போனவன் இலஞ்சி மழையை ஏன் விசாரிக்கிறான்? நான் நாலாம் வகுப்புதான், ஆனால் இந்தக் கணக்கு எனக்குத் தெரியும். உன் அம்மாவிடம் காட்டினேன். “மழையையா கேக்கான்?” என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அன்றைக்கே நான் வெற்றிலைத் தட்டோடு இலஞ்சிக்குக் கிளம்பிவிட்டேன்.

அங்கே போன பிறகு நான் செய்ததும் ஒரு தப்பு. உன்னைப் பற்றி உள்ளதைச் சொல்லியிருந்தால் போதும். உள்ளதே நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பேசத் தொடங்கினால் என் நாக்கு எனக்கு முன்னால் நடக்கும். நீ அவில்தார் என்றேன், அது சரி. அடுத்த மாதம் கேப்டன் என்றேன். இத்தாலி ராஜா உன்னோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்றேன். வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ராஜா எலையில என்ன ஓய் வச்சாக?”

“சோறுதான்.”

“இத்தாலியில சோறா?”

“நம்ம முத்தையாவுக்காகப் பொங்கினாக.”

“ஓய், நீரு சொல்லுததுல எது நெசம், எது யானைன்னு எனக்குத் தெரியல. பையன் நல்லவனா இருக்கலாம். ஆனா அவனப் பத்தி நீரு சொல்லித்தான எனக்குத் தெரியுது? சிவகிரியில இருந்து ஒரு வரன் வந்திருக்கு. மாப்பிள்ளை ஊமை கணக்கா இருக்கான், பொய் பேச மாட்டான். அதத்தான் முடிக்கப் போறேன்.”

மகனே, என் வாயால் உன் வாழ்க்கை போகிறது என்று அந்த இடத்தில் எனக்கு விளங்கியது. எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. “என் பெட்டியில் இருக்கிறதில் எதை வேண்டுமானாலும் கேளும், நிரூபிக்கிறேன்” என்றேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு என்னோடு குற்றாலத்துக்கே வந்துவிட்டார். பெட்டியில் கண்ணை வைத்தார். இத்தனை வருஷச் சாரலில் கும்மட்டத்துப் படம் முழுக்கப் பூஞ்சை பிடித்திருந்தது.

“செவப்பா, பாதி வெட்டின பலாப்பழம் மாதிரி ஒண்ணு தெரியுது. அதவிடப் பூஞ்சை நல்லாத் தெரியுது” என்றார். பிறகு கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். “முட்டு இல்லாமக் கும்மட்டம் கட்டினான்னுல்லா ஊரை ஏமாத்துதீரு? எந் தோப்புல பழைய செக்குக் கொட்டகை வட்டச் சுவரோட நிக்கி. வருஷா வருஷம் காத்துல கூரை பறந்து போகுது. அது மேல ஒரு கம்பு முட்டு இல்லாமச் செங்கல்லுல கூரை போடும். நின்னுதுன்னா செண்பகம் உம்ம வீட்டு மருமக. விழுந்துதுன்னா இந்தப் பேச்ச இலஞ்சி எல்லைக்குள்ள எடுக்கக் கூடாது.”

சரி என்றேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் அம்மா அடுப்பிலிருந்த சட்டியை இறக்கி வைத்தாள். “கொழுந்தனாரே, புள்ளைக்குப் பொண்ணு பேசப் போனீயளா, கோயில் கட்டப் போனீயளா?” என்றாள். நேரே இசக்கிக் கொத்தனாரைத் தேடிப் போனேன். இசக்கி எனக்குப் பழைய சினேகம். வேலையில் கெட்டிக்காரன், வாயில் என்னைவிடக் கெட்டிக்காரன்.

“அண்ணாச்சி, முட்டு இல்லாமக் கும்மட்டமா? எந் தலையில விழுந்தா எம் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்லுதது?”

“பிளாரன்ஸ்ல அந்தத் தட்டான் தலையில விழலல்லா?”

“அவன் தட்டான், ஓரமா நின்னு வேலை வாங்கியிருப்பான். கொத்தனாரு தலையில விழுந்திருக்கும். அதப் படத்துல போட மாட்டான்.”

இப்படிப் பேசினாலும் வந்தான். கடுக்காயும் கருப்பட்டியும் போட்டு ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பு அரைத்தோம். கொட்டகையின் நடுவில் ஒரு முளை அடித்து, அதில் கயிறு கட்டி, கயிற்றின் நுனி போகிற போக்கில் வளைவு பார்த்து, செங்கலை வட்டம் வட்டமாக அடுக்கிக்கொண்டு போனான் இசக்கி. சுவரிலிருந்து முழங்கை உயரம் எழும்பியதும் நான் தோப்பு வாசலில் நின்று, போகிறவன் வருகிறவனை எல்லாம் கூப்பிட்டு, “பிளாரன்ஸைப் பாருங்க!” என்றேன். வாத்தியார் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து, குடையைச் சுவர் ஓரமாகச் சாத்தி வைத்துவிட்டு, வேலையைப் பார்ப்பார். செண்பகம் மோர் கொண்டுவந்து கொடுப்பாள். நான் உன்னைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தால், “மாமா, மொதல்ல கூரை” என்பாள்.

வளைவு உள்பக்கம் சாயச் சாய, ஈரச் சுண்ணாம்பில் கல் வழுக்க ஆரம்பித்தது. இசக்கி ஒன்றைப் பிடித்தால் பக்கத்துக் கல் நழுவும். அதைப் பிடித்தால் முதல் கல் நழுவும். சாரல் வேறு. ஒரு மத்தியானம், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கல் போனது. அதைத் தேடிக்கொண்டு போவது போல அடுத்த கல் போனது. பிறகு ஒரு பக்கம் முழுக்கத் தொம்மென்று உள்ளே இறங்கிவிட்டது. இசக்கி ஏணியிலிருந்து தென்னை மரத்துக்குத் தாவிவிட்டான். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாத்தியார் குடைதான் உள்ளே இருந்தது. அவர் செங்கலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு, குடையை வெளியே இழுத்து விரித்துப் பார்த்தார். குடை கம்பியாக நின்றது.

“சரி ஓய். பேச்சு முடிஞ்சுது” என்றார்.

அப்போதுதான் செண்பகம் மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

“அப்பா, பள்ளிக்கூடத்துல ஒருத்தன் கணக்கத் தப்பாப் போட்டா என்ன செய்வீய?”

“சிலேட்ட அழிச்சிட்டு ஒருக்கா திருப்பிப் போடச் சொல்லுவேன்.”

“எல்லாருக்குமா, நல்லாப் படிக்கவங்களுக்கு மட்டுமா?”

“எல்லாருக்குந்தான். அது நம்ம பள்ளிக்கூடத்து வழக்கம்லா?”

“அப்ப மாமாவுக்கும் சிலேட்ட அழிங்க.”

வாத்தியார் மகளைப் பார்த்தார், குடையைப் பார்த்தார். தன் வழக்கத்தைத் தானே மீற அவரால் ஆகாது. “ஒருக்கா” என்று விரலைக் காட்டிவிட்டு நடந்தார். அவர் தலை மறைந்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையை நீ இனிமேல் அடிக்கடி பார்ப்பாய், அதனால் அதை வர்ணிக்கவில்லை.

“மாமா, சின்னப் புள்ளையில நா பெட்டிக்குள்ள பாக்கும்போது நீங்க என்ன சொன்னீய? செங்கல்ல கீத்து மாதிரி முடைஞ்சான்னுல்லா சொன்னீய? இவரு அடுக்கில்லா வச்சிருக்காரு. முடையலியே!”

“ஏட்டி, அது வந்து...” என்று இழுத்தேன்.

“முடைஞ்சானா, இல்லியா?”

“முடைஞ்சான்.”

“அப்ப ஏன் கொத்தனாருட்ட சொல்லல? இந்தத் தடவ விழுந்தா நீங்க பெட்டியத் தூக்கிட்டுக் குத்தாலத்துக்குப் போயிருவீய. நான்லா சிவகிரிக்குப் போவணும்?”

அவளே போய், காற்றில் விழுந்து கிடந்த பழைய கூரையிலிருந்து ஒரு கீற்றை எடுத்து வந்து இசக்கி முன்னால் போட்டாள். இசக்கி அதைக் காலால் புரட்டினான். “செங்கல்லு என்ன ஓலையா தாயி, வளைச்சு முடையதுக்கு?” என்றான். “வளைக்க வேண்டாம். ஒண்ணு படுத்தா பக்கத்துல ஒண்ணு குறுக்க வருதுல்லா, அத மட்டும் பாருங்க” என்றாள். இசக்கி குந்தி உட்கார்ந்து, ஈர்க்குச்சியால் அந்த மடிப்புகளை எண்ணுவது போலத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பிறகு தரையிலேயே கொஞ்சம் சுண்ணாம்பைப் பரப்பி, ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, நாலைந்து கல்லைப் படுக்க வைத்தான், பக்கத்தில் ஒரு கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்தினான். மறுபடி நாலைந்து படுக்கை, ஒரு நெட்டுக்குத்து. நிறுத்திய கல் வரிசைக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நின்றது. அடுத்த வரிசையின் படுக்கைக் கற்கள் அந்தத் தலைகளுக்கு இடையில் போய் உட்கார்ந்தன. நெட்டுக்குத்துக் கல் ஒரு வரிசைக்கு ஒரு இடம் நகர்ந்து நகர்ந்து, பின்னல் மாதிரி மேலே ஏறியது. இசக்கி பலகையை இன்னும் சாய்த்தான். இன்னும் சாய்த்தான். இரண்டு நெட்டுக்குத்துக்கு நடுவில் அகப்பட்ட கற்கள் இறுக்கிப் பிடித்தபடி இருந்தன.

“அண்ணாச்சி! வழுக்கல!” என்று கத்தினான். “அண்ணாச்சி, அந்தத் தட்டான் கையக் கொண்டாரும், கண்ணுல ஒத்திக்கிடுதேன்!”

அப்புறம் என்ன! அடுக்கியதை எல்லாம் பிரித்துச் சுவரிலிருந்து மறுபடி தொடங்கினோம். ஒரு வட்டம் முடிந்து, அது இறுகிய பிறகே அடுத்த வட்டம். நடு முளையிலிருந்து கயிறு சொன்னபடி வளைவு. முட்டு என்று ஒரு கம்பு உள்ளே கிடையாது. வேலி அடைக்கக் கம்பு தூக்கி வந்த பக்கத்துத் தோப்புக்காரரைக்கூட உள்ளே விடவில்லை. குத்துக்கல்வலசையிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் ஜனங்கள் வந்து பார்த்தார்கள். திருவிதாங்கூர் மகாராஜாவே ஆள் அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார் என்று கேள்வி. நான்தான் அந்தக் கேள்வியைக் கிளப்பினேன், ஆனாலும் கேள்வி கேள்விதான். உச்சியில் வெளிச்சத்துக்கு ஒரு வட்டம் விட்டு, அதன் மேல் சின்னக் கூண்டு கட்டி, கூண்டின் தலையில் பித்தளைச் செம்பைக் கவிழ்த்து வைத்தோம். பிளாரன்ஸ் படத்தில் ஒரு பொன் உருண்டை இருக்கும். அதற்கு இது. மறுநாள் உன் அம்மா, “எஞ் சீர் செம்பைக் காணோமே” என்று வீடெல்லாம் தேடினாள். மதினி, செம்பு இலஞ்சியில் வெயிலில் பளபளக்கிறது. உங்கள் மருமகள் வீட்டு உச்சியில் உங்கள் சீர் இருப்பதில் குறைவு என்ன?

சுண்ணாம்பு நன்றாக இறுகிய பிறகு ஆடிக் காற்று வந்தது. செங்கோட்டைக் கணவாய்க் காற்று நம் பக்கத்தில் எப்படி வீசும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டாம். அன்றைக்கு இலஞ்சியில் பறக்காத கூரை இல்லை. ஓலை, ஓடு, வேட்டி, ஒரு கோழிக்கூடு எல்லாம் கிழக்கே போயின. வாத்தியார் புதுக் குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு தோப்புக்கு ஓடி வந்தார். கும்மட்டம் அசையவில்லை. காற்று அதன் முதுகைத் தடவிக்கொண்டு போனது. அவர் அப்போதும் விடவில்லை. காற்று ஓய்ந்ததும் ஏணியைச் சாத்தச் சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டி, ஏறி, உச்சிக் கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்று, காலால் ஒரு மிதி, இரண்டு மிதி மிதித்தார். கீழே ஊரே நிற்கிறது. இசக்கி கண்ணை மூடிக்கொண்டான். நான் மூடவில்லை. மேலே நின்றபடி வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தோப்பையும் வயலையும் முருகன் கோயில் கோபுரத்தையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஓய், விடை சரி!” என்றார். “பொண்ணு உம்மது!”

இசக்கி என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆடினான். செண்பகம் கொட்டகைக்குள் போய், நடுவில் நின்று, கும்மட்டத்தை அண்ணாந்து பார்த்து, “ஓய்!” என்று அவள் அப்பா மாதிரி ஒரு குரல் கொடுத்தாள். கும்மட்டம் அதை வாங்கி வட்டமாகச் சுற்றித் திருப்பிக் கொடுத்தது. அவள் சிரித்ததையும் சேர்த்துத்தான் கொடுத்தது. மகனே, நான் சீசனுக்கு வருகிற ஜனங்களின் பெருமூச்சை எத்தனையோ வாங்கியவன். அந்தச் சிரிப்புக்கு அதெல்லாம் சமானம் ஆகாது.

நீ திரும்பி வந்த நாளும் எல்லாருக்கும் தெரியும். தென்காசி ஸ்டேஷனில் இறங்கி, மூட்டையைத் தோளில் போட்டபடி வந்தாய். கேப்டன் இல்லை, அவில்தார்தான். வாத்தியார் உன் சட்டைக் கையில் இருந்த பட்டைகளைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். மறுநாள் இலஞ்சியில் விருந்து. ராஜாவோடு சாப்பிட்டாயா என்று அவர் கேட்டதற்கு, ராஜாவைப் பார்த்ததே இல்லை என்று நீ சொன்னாய். உன் நல்ல குணம் உன் அப்பாவிடமிருந்து வந்தது. சாய்ந்த கோபுரத்தை லாரியிலிருந்து பார்த்தேன், யானையைக் காணோம் என்றாய். பந்தி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு நீ மெதுவாக ஆரம்பித்தாய்.

“சித்தப்பா, பிளாரன்ஸ்ல கும்மட்டத்துக்குள்ள ஏறினேன். கோயில்கார வயசாளி ஒருத்தர் விளக்கெடுத்துக்கிட்டு முன்னால போனாரு. வெளிய ஒரு சுவர், உள்ள ஒரு சுவர், நடுவுல ஆள் உரசிக்கிட்டு ஏறுத மாதிரி படி. பாதிக்கு மேல போனதும் விளக்கு சுவர்ல பட்டுது. பாத்தேன். படுக்கக் கல்லு, நெட்டுக்குத்துக் கல்லு, படுக்கக் கல்லு, நெட்டுக்குத்துக் கல்லு. கையை வச்சுத் தடவிப் பாத்தேன். நம்ம கீத்து மாதிரியே முடைஞ்சு மேல ஏறுது சித்தப்பா. நீங்க சொன்னது அத்தனையும் நெசம். எனக்கு அங்கன நின்னுக்கிட்டு அழுகை வந்துட்டு.”

வாத்தியார் இலையிலிருந்து எழுந்துவிட்டார். எச்சில் கையோடு எழுந்து, இடது கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “ஓய், நா உம்மளப் பெஞ்சு மேல ஏத்தின மாதிரில்லா இத்தன வருஷம் நடந்துக்கிட்டேன்” என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சோற்றைப் பிசைந்தபடி இருந்தேன். “கொழுந்தனாரே, ஒடம்புக்கு என்ன செய்யுது? பேச்சையே காணோம்?” என்று உன் அம்மா கேட்டாள். உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிச் சமாளித்தேன். அதற்காகச் சம்பந்தி அம்மாளிடம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

புத்தி சொல்லாமல் வாழ்த்து முடியக் கூடாது என்பார்கள். சொல்கிறேன். கணக்கு வாத்தியார் மகளிடம் உள்ளதை உள்ளபடி சொல். கூட்டியும் சொல்லாதே, குறைத்தும் சொல்லாதே, அவள் கண்டுபிடித்துவிடுவாள். ஒரு தடவை விழுந்த காரியத்துக்குச் சிலேட்டை அழித்துக்கொடு. அந்த வழக்கம் அவள் வீட்டிலிருந்து வருகிறது, அதை உன் வீட்டிலும் வைத்துக்கொள். செம்பைத் திருப்பிக் கேட்க உன் அம்மாவை விடாதே. உன் பிள்ளைகளை மட்டும் என்னிடம் விடு. அவர்களுக்குச் சொல்ல இன்னும் எத்தனையோ படம் இருக்கிறது. பூஞ்சை பிடித்தால் என்ன, எனக்கு எல்லாம் மனப்பாடம்.

தாலி ஏறிவிட்டது. முடிச்சு மூன்றும் விழுந்துவிட்டது. கும்மட்டமும் நிற்கிறது, இனி யாராலும் இறக்க முடியாது. ஆகையால் சம்பந்தி வாத்தியார் ஐயா மூக்குக்கண்ணாடியை நன்றாகத் துடைத்துப் போட்டுக்கொண்டு இதைப் படிக்கலாம். பூஞ்சை பிடிப்பதற்கு முந்தி அந்தப் படத்தை ஆயிரம் தடவை பார்த்தவன் நான். அதில் இருந்தது வெளியே வேய்ந்த சிவப்பு ஓடும், வெள்ளை வரம்பும், உச்சியில் உருண்டையும்தான். செங்கல் என்று ஒன்று கண்ணில் படவே இல்லை. சமையல்காரரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முதல் சீசனில், “எப்படி ஓய் மூடினான்?” என்று கூட்டத்தில் ஒருத்தர் கேட்டார். எனக்குத் தெரியாது. எதிரே கடைக் கூரைக்கு ஒருத்தி கீற்று முடைந்துகொண்டிருந்தாள். முடைஞ்சான் என்று சொல்லிவிட்டேன், மகனே.